வண்டல் கட்டம்

பிப்ரவரி 3, செவ்வாய்

எட்டு மணிக்கு முன்பே இரண்டு டப்பாக்களும் என் மேஜைக்கு வந்துவிட்டன. ஒன்று ஊமையனுடையது, இன்னொன்று சீமாட்டியுடையது. இந்த மிருகக்காட்சிசாலையில் இருக்கும் யானைகளே அவ்வளவுதான். தம்பி ஒட்டிய சீட்டில் எப்போதும் போல: "சீமாட்டி. காலை 6.10. தரையில் படாத நடுப்பகுதி. சூடு." சூடு என்று எழுதாதே, நான் என்ன சாப்பிடவா போகிறேன் என்று எத்தனையோ தடவை சொல்லியாயிற்று. கேட்கிற ஜென்மம் இல்லை.

ஊமையனை முதலில் பார்த்தேன். அது நானே போட்டுக்கொண்ட சட்டம். தம்பி இங்கே சீமாட்டிக்குப் பாகனாகச் சேர்ந்த வாரம், "அக்கா ஆய்வகத்துல, தம்பி கொட்டடியில, இனி எல்லாம் வீட்டுக்குள்ளயே" என்று யாரோ பேசியது என் காதில் விழுந்தது. அன்றிலிருந்து அவனுடைய யானைக்கு ஒரு நிமிடம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. லத்தியை உப்புக் கரைசலில் கலக்கி, வடிகட்டி, குழாயில் ஊற்றி, மேலே கண்ணாடித் துண்டை வைத்து இருபது நிமிடம் விட்டேன். புழுவின் முட்டை இருந்தால் மிதந்து வந்து கண்ணாடியில் ஒட்டும். எதுவும் ஒட்டவில்லை.

படிவத்தில் மிதவை, வண்டல் என்று இரண்டு கட்டம். இரண்டு யானைக்கும் இரண்டிலும் "இல்லை" எழுதிக் கையெழுத்துப் போட்டு டாக்டருக்கு அனுப்பினேன். வீட்டுக்கு வந்ததும் இவர், "லத்தி ஜோசியம் என்ன சொல்லுது?" என்றார். கல்யாணமாகி இருபத்து மூன்று வருடமாக இதே கேள்வி. சிரித்து வைத்தேன்.

பிப்ரவரி 12, வியாழன்

எடை மேடையில் சீமாட்டியை ஏற்றினார்கள். டிசம்பரிலிருந்து முந்நூறு கிலோ குறைந்திருக்கிறாள். ஜன்னலில் இருந்து பார்த்தேன், முதுகெலும்பு வரிசையாகத் தெரிகிறது. தம்பி அவள் காதுக்குப் பின்னால் கையை வைத்துக்கொண்டு ஏதோ பேசிக்கொண்டே வந்தான்.

பிப்ரவரி 13, வெள்ளி

தம்பி ஆய்வகத்துக்கு வந்தான். உள்ளே வரமாட்டான், செருப்பில் சேறு என்று வாசலிலேயே நிற்பான்.

"அக்கா, நல்லா பாத்தியா?"

"ஏன், என் கண்ணுல பூ விழுந்துடுச்சா?"

"இல்லக்கா. தீனி பாதி அப்படியே கிடக்கு. ஈறெல்லாம் வெளுத்திருக்கு. அவ உள்ளுக்குள்ள என்னமோ இருக்கு. நீ இன்னொரு தடவை பாத்தா..."

"உன் யானைன்னு தனியா பாக்க முடியாது. ஊமையனுக்கு எவ்வளவோ அவளுக்கும் அவ்வளவுதான்."

தலையாட்டிவிட்டுப் போனான். நாற்பத்து மூன்று வயசு ஆகிறது, திட்டு வாங்கினால் இன்னும் அதே தலையாட்டல். நான் சொன்னதில் தப்பு ஒன்றுமில்லை. ஆனாலும் மத்தியானம் முழுக்க அந்த "நல்லா பாத்தியா" காதைக் குடைந்தது.

பிப்ரவரி 17, செவ்வாய்

மான்களுக்கு நாடாப்புழு. குரங்குகளுக்கு வயிற்றுப்போக்கு. எனக்குத் தலைவலி.

பிப்ரவரி 24, செவ்வாய்

சீமாட்டியின் தாடைக்குக் கீழே நீர் கோத்துப் பை மாதிரி தொங்குகிறது. டாக்டர் சத்து ஊசி போட்டார். பிறகு மேலாளர் அறையில் கூட்டம், என்னையும் கூப்பிட்டார்கள். இரத்தத்தில் கிருமி இல்லை. பல் சரியாக இருக்கிறது. என் அறிக்கைகளை வரிசையாக அடுக்கி வைத்திருந்தார் மேலாளர். செப்டம்பர் முதல் பிப்ரவரி வரை ஆறு.

"ஆறு மாசமா புழு இல்ல. அப்போ நோய் இல்ல. நோய் இல்லேன்னா பசி. பசின்னா பாகன்," என்றார்.

பின்வாசல் காவலாளி, விடியற்காலையில் தம்பியைத் தோளில் புல்கட்டோடு நாலைந்து தடவை பார்த்திருக்கிறானாம். யானையின் தீனியை வெளியே யாருக்கோ கொடுக்கிறான் என்று முடிவே கட்டிவிட்டார்கள். டாக்டர் என் முகத்தைப் பார்த்தார். நான் மேஜையைப் பார்த்தேன்.

தம்பி திருடமாட்டான். சின்ன வயதில் கடைக்கு அனுப்பினால் மீதிச் சில்லறையைக் கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டே வருவான், உள்ளங்கையில் தடம் பதிந்திருக்கும். ஆனால் இதை அங்கே நான் சொன்னால் அக்கா பேசுகிறாள் என்பார்கள். சொல்லவில்லை.

மார்ச் 3, செவ்வாய்

விசாரணை. நீளமான மேஜை, மூன்று பேர், மின்விசிறி சத்தம். தம்பியைச் சுவரோரம் நிற்க வைத்திருந்தார்கள். புல்கட்டு என்னது என்று மூன்று தடவை கேட்டார்கள். "வெளிய ஒண்ணும் கொண்டு போகலை சார்" என்பதைத் தவிர அவன் வாயே திறக்கவில்லை. ஏண்டா, வாயில பூட்டா போட்டிருக்கு?

என் முறை வந்தது. ஒரு தாள். "ஆறு மாதங்களிலும் இரண்டு சோதனைகளையும் முறைப்படி செய்தேன். புழுத் தொற்றுக்கான அறிகுறி இல்லை." மேலாளர் பேனாவை நீட்டினார். "நீங்க தம்பின்னு பாக்கமாட்டீங்கன்னு எனக்குத் தெரியும் மேடம்" என்றார், பாராட்டாகத்தான்.

கையெழுத்துப் போட்டேன். தம்பி பார்க்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே கொட்டடிப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான். இன்று முதல் இடைநீக்கம், காட்சிசாலைக்குள் காலெடுத்து வைக்கக்கூடாது. ஊமையனின் பாகன் பெரியவரே சீமாட்டியையும் பார்ப்பாராம்.

மார்ச் 4, புதன்

சீமாட்டி பெரியவர் கையால் ஒரு வாய்கூட வாங்கவில்லை.

மார்ச் 6, வெள்ளி

தம்பி பெண்டாட்டி வீட்டுக்கு வந்தாள். தண்ணீர் கொடுத்தேன், தொடவில்லை.

"நீங்களும் கையெழுத்துப் போட்டீங்களாமே அண்ணி."

"நான் பாத்ததத்தான் எழுதினேன்."

"அவரும் அதத்தான் சொல்றாரு. அக்கா பாத்தா சரியாத்தான் பாத்திருக்கும், என் யானைக்கு வேற என்னமோன்னு. உங்கள ஒரு வார்த்த பேச விடமாட்டேங்குறாரு."

நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவள் போன பிறகு அடுப்பங்கரையில் போய் நின்றேன். இவர் வந்து அடுப்பை அணைத்தார், பால் பொங்கி வழிந்திருந்தது.

எழுதிவிடுகிறேன். இந்த நோட்டிலாவது எழுத வேண்டும்.

வண்டல் சோதனையை நான் செய்வதில்லை. ஆறு மாதமாக இல்லை, பதினோரு வருடமாக. என்னோடு இருந்த இன்னொரு பரிசோதகர் ஓய்வு பெற்றார், அவர் இடத்தில் ஆள் போடவில்லை. மான், குரங்கு, பறவை எல்லாம் என் தலையில். வண்டலுக்கு லத்தியை வெறும் தண்ணீரில் கரைத்து, தெளிய விட்டு, மேல் நீரைக் கொட்டி, மறுபடி ஊற்றி, மறுபடி தெளிய விட்டு, ஒரு யானைக்கு ஒரு மணி நேரம். அதற்கு முந்தைய வருடங்களில் ஒரு தடவைகூட அடியில் எதுவும் கிடைத்ததில்லை. முதல் மாதம் அந்தக் கட்டத்தில் கோடு போட்டேன். அப்போதிருந்த டாக்டர், "இது ஏன் காலி?" என்று கேட்டார். அடுத்த மாதம் "இல்லை" என்று எழுதினேன். பிறகு கை தானாக எழுதிக்கொண்டு போயிற்று.

எல்லா முட்டையும் மிதக்காது. ஈரலில் குடியிருக்கும் தட்டைப்புழுவின் முட்டை கனம், உப்பில் ஏறாது, அடியில்தான் கிடக்கும். இது முதல் வருடப் பாடம். இருபது நிமிடம் கழித்து நான் தொட்டியில் கொட்டிக் குழாயைத் திறந்துவிட்டது அந்த அடியைத்தான்.

அவன் வந்து கேட்டானே. நல்லா பாத்தியான்னு கேட்டானே. அப்பவே செஞ்சிருக்கலாம். ஏன் செய்யல? தம்பிக்காகப் பாத்தான்னு சொல்வாங்கன்னா? இல்ல — இப்ப பாத்து ஏதாவது கிடைச்சா இத்தன வருஷ "இல்லை"யும் பொய்னு ஆயிடும்னு. அதுதான். நியாயஸ்தி வேஷம் எனக்கு.

மார்ச் 9, திங்கள்

பெரியவரிடம் கேட்டு சீமாட்டியின் லத்தி வாங்கினேன். அவளுடையதை மட்டும். என் சட்டத்தைத் தூக்கிக் குப்பையில் போட்டேன்.

கண்ணாடிக் குவளையில் கரைத்து வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தேன். தண்ணீர் தெளிவதை இவ்வளவு பக்கத்தில் பார்த்து எத்தனை வருடம் ஆயிற்று. மூன்று தடவை மாற்றினேன். அடியில் தங்கியதில் ஒரு சொட்டு எடுத்து நீலச் சாயம் கலந்து கண்ணாடியில் வைத்தேன்.

தேடவே வேண்டியிருக்கவில்லை. நார், தூசி எல்லாம் நீலம். நடுவில் மஞ்சளாக ஒன்று. பெரியது, முட்டை வடிவம், ஒரு முனையில் சின்ன மூடி. நகர்த்தினேன், இன்னொன்று. ஒரே சொட்டில் பதினேழு எண்ணினேன். பதினெட்டாவதில் கண் மறைத்துவிட்டது.

மார்ச் 10, செவ்வாய்

ஒவ்வொரு மாத லத்தியிலும் கொஞ்சம் ஃபார்மலினில் போட்டுக் குப்பியில் ஒரு வருடம் வைத்திருக்க வேண்டும் என்பது விதி. அதை மட்டும் ஒழுங்காகச் செய்திருக்கிறேன். அலமாரியிலிருந்து எடுத்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். செப்டம்பர், இல்லை. அக்டோபர், இல்லை. நவம்பர், இரண்டு முட்டை. டிசம்பர், ஐந்து. அதற்குப் பிறகு எண்ணவில்லை. ஊமையனுடைய குப்பிகள் எல்லாம் சுத்தம்.

நவம்பரில் அவள் கொழுகொழுவென்று இருந்தாள். நான்கு மாதம் சும்மா போயிருக்கிறது.

இவரிடம் சொன்னேன். "சொன்னா உன் வேலை போயிடுமா?" என்றார். "போகலாம்." "சொல்லலேன்னா?" "அவன் வேலை போயிடும். அவளும் போயிடுவா." "அப்புறம் என்கிட்ட என்ன கேக்குற?" என்று எழுந்து போனார்.

மார்ச் 11, புதன்

டாக்டரை நுண்ணோக்கியில் பார்க்க வைத்தேன். பார்த்ததும் நாற்காலியைப் பின்னால் தள்ளினார். இருக்கிற மருந்து போதாது, வெளியூரிலிருந்து வரவேண்டும் என்று உடனே போன் செய்தார். போனை வைத்த பிறகுதான் கேட்டார்.

"போன வாரம்வரைக்கும் இல்லேன்னு எழுதியிருக்கீங்களே மேடம்?"

சொன்னேன், பதினோரு வருடம் என்று. அவர் இங்கே வந்து நாலு வருடம். அந்த நாலு வருடமும் என் கையெழுத்துக்குக் கீழே அவர் கையெழுத்து. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ஒண்ணு செய்யலாம். இன்னைக்குத் தேதியில கண்டுபிடிச்சதா எழுதிடுங்க. புதுசா வந்த தொற்று. யாருக்கும் பாதகமில்ல."

"புதுசுன்னா டிசம்பர்லேர்ந்து அவ இளைச்சதுக்கு என்ன கணக்கு சொல்றது டாக்டர்?"

பழி ஓரிடம், பாவம் ஓரிடம். அவர் கெட்டவர் இல்லை, பயந்தவர். நானும் பதினோரு வருடமாக அதேதானே. நவம்பர்க் குப்பியை எடுத்து அவர் மேஜையில் வைத்துவிட்டு, வெள்ளைத் தாள் கேட்டு வாங்கி அங்கேயே உட்கார்ந்து எழுதினேன். ஒரு பக்கம்கூட வரவில்லை.

மார்ச் 13, வெள்ளி

என் தாளை மேலாளர் இரண்டு தடவை படித்தார். "உங்களப் போயி நம்பினேன் பாருங்க" என்றார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவளுக்கு அது குறைவுதான்.

தம்பியைக் கூப்பிட்டனுப்பினார்கள். மருந்து வந்துவிட்டது, ஆனால் சீமாட்டி பெரியவர் கையிலிருந்து உருண்டையை வாங்கித் துப்புகிறாள், அதனால். அவனை நேருக்கு நேர் பார்க்க வேண்டியிருந்தது. டாக்டர்தான் சொன்னார். புழு இருக்கிறது, நவம்பரிலிருந்தே இருக்கிறது, சோதனையில் விட்டுப்போயிற்று, உன் மேல் தப்பில்லை.

தம்பி என்னைப் பார்த்தான். கோபம் இருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"இந்தப் புழு எப்படி சார் வரும்?" என்றான்.

"நத்தையிலேர்ந்து. தண்ணி ஓரமா முளைக்கிற புல்லுல ஒட்டிக்கிட்டு இருக்கும். நாம குடுக்குற தீனி மேட்டு நிலத்துது, அதான் எனக்குப் புரியல."

"தண்ணி ஓரப் புல்லா?" என்றான் தம்பி. பிறகு மெதுவாகச் சொன்னான். ஆகஸ்டில் மழை பிடித்தபோது தீனி ஊறிப்போய் வந்தது, சீமாட்டி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பின்வாசலுக்கு அப்பால் குளத்தங்கரையில் இளம்புல். விடிவதற்குள் போய் ஒரு கட்டு அறுத்து வந்து கொடுத்தான். ஆசையாகத் தின்றாள். வெளித்தீனி கொடுக்கக்கூடாது என்பது விதி, அதனால் விசாரணையில் வாயைத் திறக்கவில்லை. காவலாளி பார்த்தது உள்ளே வந்த கட்டு.

"அவளுக்கு மட்டும்தான் சார் குடுத்தேன். ஊமையனுக்குக்கூட குடுக்கல," என்றான். "நானே ஊட்டியிருக்கேன்."

"நவம்பர்லயே நான் பாத்திருந்தா ரெண்டு உருண்டையோட போயிருக்கும்டா," என்றேன். இதுதான் அவனிடம் நான் சொன்னது. மன்னிச்சுடுன்னு சொல்லணும்னு நெனச்சுப் போனேன். வரல.

மார்ச் 16, திங்கள்

மருந்தை அவன் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். தும்பிக்கையால் அவன் சட்டையை முழுக்க முகர்ந்தாளாம். பெரியவர் வந்து சொன்னார். நான் கொட்டடிப் பக்கம் போகவில்லை.

மார்ச் 19, வியாழன்

படுத்துவிட்டாள். எழுந்திருக்கவில்லை.

மார்ச் 21, சனி

நேற்று முழுக்க வயிற்றுக்குக் கீழே பட்டை போட்டுத் தூக்கிப் பார்த்தார்கள். இரண்டு தடவை நின்றாள். மூன்றாவது தடவை காலை மடக்கிக்கொண்டாள். இன்று காலை ஒன்பதே காலுக்கு முடிந்துவிட்டது. மருந்து வேலை செய்யத் தொடங்கியிருந்ததாம், உடம்பில்தான் மிச்சம் ஒன்றுமில்லை என்றார் டாக்டர்.

அறுத்துப் பார்க்கும்போது நான் இருக்க வேண்டும், அது என் வேலை. ஈரலின் குழாய்களை டாக்டர் கீறிக் கீறித் திறக்க, நான் இடுக்கியால் எடுத்துத் தட்டில் போட்டேன். தட்டையாக, இலை மாதிரி, பாதி செத்தது, பாதி அசைவது. ஒன்றுகூட நழுவவில்லை. இத்தனை வருடப் பழக்கம், இதற்கு மட்டும் நன்றாக உதவியது.

தம்பி வெளியே, மூடிய கதவுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தான். நான் தட்டோடு வெளியே வரவேண்டியிருந்தது, வேறு வழி கிடையாது. துணி போட்டு மூடிக்கொண்டுதான் வந்தேன். அவன் எழுந்து வழிவிட்டான்.

ஏப்ரல் 7, செவ்வாய்

முடிவு வந்தது. தம்பிமேல் திருட்டுக் குற்றம் நீக்கம், வெளித்தீனி கொடுத்ததற்கு எச்சரிக்கை. பெரியவர் இந்த மாதத்தோடு ஓய்வு பெறுகிறார், இனி ஊமையன் இவனுக்கு. டாக்டருக்கு ஒரு கடிதத்தோடு சரி. எனக்கு வேலை போகவில்லை, ஆள் இல்லை என்பதால். ஆனால் இனிமேல் அறிக்கையில் கையெழுத்துப் போடும் உரிமை எனக்கில்லை. சோதனை நான் செய்வேன், தலைமையகத்திலிருந்து மாதம் ஒருநாள் ஒருவர் வந்து பார்த்துக் கையெழுத்திடுவார். எனக்கு மகள் வயசு இருக்கும் அவளுக்கு.

இவர் இப்போதெல்லாம் ஜோசியம் என்ன சொல்கிறது என்று கேட்பதில்லை. ஒருநாள் வாய்வரை வந்து நிறுத்திக்கொண்டார், பார்த்தேன்.

மே 5, செவ்வாய்

ஊமையனின் டப்பாவைத் தோட்டக்காரரிடம் கொடுத்தனுப்பியிருந்தான். சீட்டில் "ஊமையன். காலை 6.30. நடுப்பகுதி." அவ்வளவுதான். சூடு என்று எழுதவில்லை.

மே 17, ஞாயிறு

தம்பி வீட்டுக்குப் போனேன். அவன் பெண்டாட்டி உட்காரச் சொன்னாள். அவன் கொல்லையில் ஏதோ வேலை என்று உள்ளே வரவேயில்லை. அரை மணி இருந்துவிட்டுத் திரும்பினேன்.

ஜூன் 2, செவ்வாய்

இன்று டப்பாவை அவனே கொண்டு வந்தான். வாசலில் நின்றான். மேஜையில் வை என்றேன். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து வைத்தான். போகவில்லை.

"எவ்வளவு நேரம் ஆகும்?"

"மிதவைக்கு இருபது நிமிஷம். வண்டலுக்கு ஒரு மணி."

மூலையில் இருந்த முக்காலியில் உட்கார்ந்தான். மிதவையில் எதுவும் இல்லை, எழுதினேன். பிறகு குவளையில் கரைத்து வைத்தேன். இரண்டு பேரும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு இருந்தோம். மேல் நீரை நான் கொட்டும்போதெல்லாம் அவன் எழுந்து எட்டிப் பார்த்தான், அடி கலங்குகிறதா என்று. மூன்றாவது தடவை குவளையை அவனே பிடித்துக்கொண்டான்.

கண்ணாடியை வைத்துப் பார்த்தேன். ஓரத்திலிருந்து ஓரம் வரை, வரிவரியாக. இரண்டாவது சொட்டு, மூன்றாவது சொட்டு. அவன் நல்லா பாத்தியா என்று கேட்கவில்லை. நான் எழுந்து நாற்காலியை விட்டு நகர்ந்தேன்.

"நீயே பாரு."

குனிந்து பார்த்தான். நேரம் போயிற்று.

"எல்லாம் நீலமா இருக்கு. எது இல்லைன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

அலமாரியைத் திறந்தேன். நவம்பர்க் குப்பி. சீட்டில் அவன் கையெழுத்து, அதில் "சூடு" இருந்தது. ஒரு சொட்டு எடுத்துச் சாயம் கலந்து வைத்தேன். முட்டையை நடுவில் நிறுத்திவிட்டு, "இதுதான்" என்றேன்.

கண்ணை வைத்தவன் எடுக்கவேயில்லை. தோள் மட்டும் ஒரு தடவை ஏறி இறங்கியது. நான் அவன் முதுகில் கையை வைத்தேன், அவன் தட்டிவிடவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "அதை எடுத்துட்டு இவனோடத வை அக்கா" என்றான்.

மாற்றி வைத்தேன். அவன் ஓரத்திலிருந்து ஓரம் வரை பார்த்தான், என்னைவிட மெதுவாக. நான் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தேன்.

"இல்ல," என்றான்.

வண்டல் கட்டத்தில் எழுதினேன்.